பல் அலைனருக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்? மதிப்பீட்டுத் தாளைப் படித்துக் கணக்கிடும் முறை

அலைனர் என்பது பல்வரிசையின்மேல் மாட்டிக் கழற்றும் பிளாஸ்டிக் உறை; ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி அணிய, கோணல் பற்கள் சிறிது சிறிதாக வரிசைக்கு வரும். "அலைனர் என்ன விலை?" என்று பல் மருத்துவமனைகளுக்குத் தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் ஐம்பதாயிரம் என்பார்கள்; அடுத்த தெருவில் மூன்று லட்சம் என்பார்கள். இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். எந்தப் பல் எவ்வளவு தூரம் நகர வேண்டும், அதை யார் திட்டமிடுகிறார், நினைத்த இடத்துக்குப் பல் வராவிட்டால் மறுபடி செய்யும் செலவு யார் தலையில் விழும் என்ற மூன்றையும் பொறுத்தது தொகை. மூன்றாவதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. பட்ஜெட் உதைப்பது அங்கேதான்.

தமிழ்நாட்டில் முதன்முறையாக அலைனர் போட நினைப்பவர், வாங்கிய மதிப்பீட்டுத் தாளை எப்படிப் படிப்பது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: விலைக்கு முன் வாயைக் காட்டுங்கள்

முன்பற்களுக்கு நடுவே சிறு இடைவெளி, கீழ்வரிசையில் லேசான தெற்றுப்பல் போன்றவை எளிய வேலை. மேல், கீழ் இரண்டு வரிசையிலும் நெரிசல் இருந்தால் நடுத்தரம். எத்துப்பல்லை உள்ளே தள்ளக் கடைவாய்க்கு முந்தைய பற்களைப் பிடுங்க வேண்டியிருந்தாலோ, மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்தாமல் கடி தவறியிருந்தாலோ அது பெரிய வேலை. விலையும் இதே வரிசையில்தான் ஏறும்.

பெரிய வேலை என்றால் "எனக்குக் கம்பி கிளிப் போட்டால் எவ்வளவு, எத்தனை மாதம்?" என்றும் அதே இருக்கையில் உட்கார்ந்தபடியே கேட்டுவிடுங்கள். உலோகக் கிளிப் பெரும்பாலும் 25,000 முதல் 60,000 ரூபாய்க்குள் முடிகிறது. சில பற்களைத் திருப்புவதிலும் கீழிறக்குவதிலும் அதுவே கெட்டிக்காரத்தனமான வழி. பணம்தான் தடை என்றால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பல் சீரமைப்புத் துறை இருக்கிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் முதுநிலை மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் கிளிப் போடுகிறார்கள். காத்திருக்க வேண்டும், அலைய வேண்டும்; ஆனால் செலவு வெகுவாகக் குறையும்.

படி 2: பதிவுகளுக்கான செலவைத் தனியே எழுதுங்கள்

சிகிச்சை தொடங்கும் முன் முழுவாய் எக்ஸ்ரே எடுப்பார்கள்; மருத்துவமனையில் அதை ஓபிஜி என்பார்கள். முகத்தின் பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்று, புகைப்படங்கள், வாய்க்குள் சிறு கருவியை நகர்த்தி எடுக்கும் ஸ்கேன் ஆகியவையும் வேண்டும். ஸ்கேனர் இல்லாத இடத்தில் மாவு வைத்து அச்சு எடுப்பார்கள். "ஸ்கேன் இலவசம்" என்ற விளம்பரம் பெரும்பாலும் ஸ்கேனுக்கு மட்டும்தான். எக்ஸ்ரேக்குத் தனி ரசீது வரும்.

சொத்தை அடைத்தல், காரை எடுத்தல், ஈறு சிகிச்சை, ஞானப்பல் பிடுங்குதல் எல்லாம் அலைனருக்கு முன்பே முடிய வேண்டியவை. அலைனர் விலையில் இவை பெரும்பாலும் அடங்காது. ஈறு வீங்கியிருக்கும்போது அவசரமாக ஸ்கேன் எடுக்கச் சொல்லும் இடத்தை விட்டு எழுந்து வந்துவிடலாம் என்பது என் கருத்து.

படி 3: எத்தனை அலைனர் என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

ஸ்கேனை வைத்து மென்பொருளில் ஒரு திட்டம் போடுவார்கள். கோணல் பற்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து வரிசையில் நிற்பதை திரையில் காட்டுவார்கள். பார்க்க அழகாகவே இருக்கும். அதில் நீங்கள் பார்க்க வேண்டியது கடைசிப் படத்தை அல்ல, ஓரத்தில் ஓடும் நிலை எண்ணை (ஒரு நிலைக்கு, ஒரு பல்வரிசைக்கு ஓர் அலைனர்). ஓர் அலைனர் ஒரு பல்லைச் சுமார் 0.25 மில்லிமீட்டர் நகர்த்தும். ஒரு பல் 3 மில்லிமீட்டர் நகர வேண்டுமென்றால் குறைந்தது 12 அலைனர். பொதுவாக 7 முதல் 14 நாளுக்கு ஒன்று மாற்றுவார்கள். 24 நிலை உள்ள திட்டத்தில் பத்து நாளுக்கு ஒன்று என்றால் 240 நாள், அதாவது எட்டு மாதம்.

தாளில் "24 அலைனர்" என்று மொட்டையாக எழுதியிருந்தால் நிறுத்திக் கேளுங்கள். மேல் வரிசைக்கு 24, கீழ் வரிசைக்கு 24 என 48 துண்டுகளா? அல்லது மேலும் கீழும் சேர்த்தே 24, அதாவது 12 நிலைகள்தானா? இரண்டு மருத்துவமனைத் தாள்களில் ஒரே எண் இருந்தும் ஒன்றின் வேலை மற்றதில் பாதியாக இருக்க இந்த ஒரு குழப்பம் போதும்.

படி 4: பிராண்டுக்கு எவ்வளவு, மருத்துவருக்கு எவ்வளவு?

இந்தத் தொழிலைத் தொடங்கி வைத்தது 1997இல் கலிபோர்னியாவில் உருவான அலைன் டெக்னாலஜி. அதன் தயாரிப்புதான் இன்விசலைன். பல ஆண்டுகள் காப்புரிமை வேலிக்குள் இருந்த சந்தை அது. 2017இல் அந்தக் காப்புரிமைகளில் முக்கியமான பல காலாவதியாகத் தொடங்கின. அதன்பின் அலைனர் நிறுவனங்கள் உலகெங்கும் பெருகின; இந்தியாவிலும் பல முளைத்தன. தயாரிக்கும் முறை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஒவ்வொரு நிலைக்கும் பல்வரிசை மாதிரியை முப்பரிமாண அச்சில் எடுத்து, சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அதன்மேல் படியவைத்து, ஓரத்தை வெட்டி மெருகேற்றுவது. தகட்டின் தரமும் ஓரத்தை வெட்டும் நேர்த்தியும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

இன்று உள்நாட்டு அலைனர்கள் ஏறத்தாழ 50,000 முதல் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை. இன்விசலைன் பெரும்பாலும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் தொடங்கி, பெரிய வேலைகளில் மூன்று லட்சத்தையும் தாண்டும்.

ஆனால் பிளாஸ்டிக்கைவிடத் திட்டம் முக்கியம். பிடிஎஸ் முடித்த எந்தப் பல் மருத்துவரும் அலைனர் கொடுக்கலாம். பல் சீரமைப்பில் எம்டிஎஸ் படித்தவர் அதற்கென்றே மூன்றாண்டு கூடுதலாகப் படித்தவர். எளிய வேலைக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாமல் போகலாம். பல் பிடுங்கிச் செய்யும் வேலைக்கு நிபுணரைத் தேடிப் போவதற்கு ஆகும் பணத்தில் நான் கஞ்சத்தனம் பார்க்க மாட்டேன். நிறுவனம் அனுப்பும் திட்டத்தை அப்படியே ஏற்கிறாரா, திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புகிறாரா என்று மருத்துவரிடமே கேட்கலாம். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார்.

படி 5: தாளில் இல்லாததைத் தேடுங்கள்

நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய படி இது. தாளை மேசையில் வைத்து, கீழே உள்ள ஒவ்வொன்றுக்கும் எதிரே "உண்டு", "இல்லை", "தனிக் கட்டணம்" என்று அவர்களையே எழுதித் தரச் சொல்லுங்கள்.

அட்டாச்மென்ட். பிளாஸ்டிக் மட்டும் பல்லைப் பிடித்துத் திருப்பாது, வழுக்கும். அதனால் பல்லின் நிறத்திலேயே பிசின் மேடுகளை ஒட்டுவார்கள். மெல்லிய வார்ப்பு ஒன்றின் குழிகளில் பிசினை நிரப்பி, பல்மேல் அழுத்தி, நீல ஒளி காட்டி இறுக வைத்து, வார்ப்பை உரித்து எடுத்தால் அரிசியளவு மேடு பல்லில் நிற்கும். நாக்கால் தடவினால் சொரசொரப்பாகத் தெரியும். முறுக்கு கடிக்கும்போது ஒன்று பெயர்ந்து வந்துவிட்டால் மறுபடி ஒட்டக் கட்டணம் உண்டா என்பதே கேள்வி. நடுவில் இது பெயர்வது சகஜம்.

பல் இடுக்குத் தேய்த்தல். மருத்துவமனையில் ஐபிஆர் என்பார்கள். இரு பற்களுக்கு நடுவே வைரத்தூள் பூசிய மெல்லிய பட்டையை விட்டு முன்னும் பின்னும் இழுத்து, இடுக்குக்குப் பெரும்பாலும் 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை இடம் உண்டாக்குவது. பலருக்கு இது தேவைப்படும். கட்டணத்தில் அடங்கியதா என்று கேளுங்கள்.

ரிஃபைன்மென்ட். பட்டியலில் பெரிய மீன் இதுதான். திட்டமிட்ட அலைனர்கள் எல்லாம் முடிந்த பிறகும் ஒரு கோரைப்பல் கொஞ்சம் திரும்பியே நிற்கும். மறுபடி ஸ்கேன் எடுத்து, மறுபடி சில அலைனர்கள் செய்வார்கள். இதை மருத்துவரின் தோல்வியாக எண்ண வேண்டாம். இன்விசலைனில் திரையில் காட்டிய அசைவையும் வாயில் நடந்த அசைவையும் ஒப்பிட்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்தபோது, 2009இல் சராசரித் துல்லியம் 41 சதவீதமாக இருந்தது. 2020இல் மீண்டும் அளந்தபோதும் 50 சதவீதம்தான். ஆக, ரிஃபைன்மென்ட் வரும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுவதுதான் விவேகம். எத்தனை முறை இலவசம், எத்தனை ஆண்டுக்குள், ஒரு முறைக்கு எத்தனை அலைனர் வரை, புதிய ஸ்கேனுக்குக் கட்டணம் உண்டா என்ற நான்கும் எழுத்தில் வேண்டும். "ஒழுங்காக அணியாததால் வரும் ரிஃபைன்மென்ட் சேராது" என்ற வரியும் சில தாள்களில் இருக்கும். அது நியாயமானதுதான். நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் அலைனர் வாயில் இருக்க வேண்டும். கல்யாணம், காட்சி, காபி என்று கழற்றி வைத்துக்கொண்டே இருந்தால் அந்தச் செலவு நம்முடையதே.

இவை தவிர: தொலைந்த அலைனருக்கு மாற்று, மாதாந்திர வருகைக் கட்டணம், முடிவில் அட்டாச்மென்ட் நீக்கி மெருகிடுதல், நகர்ந்த பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்து வைக்கும் ரிட்டெய்னர். ஹோட்டலில் சாப்பிடக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி வைத்து, இலையோடு போய்விட்ட அலைனர்கள் ஏராளம். எனவே மாற்றுக் கட்டணத்தை அலட்சியம் செய்யாதீர்கள்.

படி 6: இரண்டு தாள்களை ஒரே தரையில் நிறுத்துங்கள்

ஒரு மாதிரிக் கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. உங்கள் தாளில் உள்ளதை அங்கே போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் மருத்துவமனை: "அலைனர் 75,000 ரூபாய்". கேட்டுப் பார்த்தால் ஸ்கேன், எக்ஸ்ரே 5,000. அட்டாச்மென்ட்டும் இடுக்குத் தேய்த்தலும் 8,000. ரிட்டெய்னர் இரண்டு ஜோடி 10,000. ரிஃபைன்மென்ட் ஒரு முறைக்கு 25,000.

இரண்டாவது மருத்துவமனை: எல்லாம் சேர்த்து 1,30,000. இரண்டு ஆண்டுக்குள் எத்தனை ரிஃபைன்மென்ட் ஆனாலும் கட்டணம் இல்லை.

ரிஃபைன்மென்ட்டே தேவைப்படாவிட்டால் முதல் இடத்தில் 98,000 ரூபாய். ஒரு முறை தேவைப்பட்டால் 1,23,000. இரண்டு முறை என்றால் 1,48,000. விளம்பரத்தில் 55,000 ரூபாய் மலிவாகத் தெரிந்த இடம், ஒரே ஒரு ரிஃபைன்மென்ட்டில் 7,000 ரூபாய் வித்தியாசத்துக்கு வந்துவிடுகிறது. இரண்டாவது ரிஃபைன்மென்ட்டில் 18,000 கூடிவிடுகிறது.

இதனால் எல்லாம் அடங்கிய விலைதான் எப்போதும் நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்து அலைனரில் முடியும் எளிய வேலைக்கு முதல் மருத்துவமனையின் விலையே லாபம். கோரைப்பல்லைத் திருப்ப வேண்டிய, பல் பிடுங்கிய இடத்தை மூட வேண்டிய வாய்க்கு இரண்டாவது மருத்துவமனையின் விலை. படி 1இல் தெரிந்துகொண்டதை வைத்து இங்கே முடிவெடுங்கள்.

படி 7: தவணையைப் பிரித்துப் பாருங்கள்

"மாதம் 4,999 மட்டும்" என்பதை மாத எண்ணிக்கையால் பெருக்கி, முன்பணத்தைக் கூட்டுங்கள். பிறகு, "மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேளுங்கள். 0 சதவீத வட்டி என்று சொன்ன இடத்தில் குறைப்பு கிடைத்தால், அந்தக் குறைப்புதான் வட்டி. தவணைக்கான செயலாக்கக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. கிரெடிட் கார்டு தவணையில் வட்டிக்கும் அந்த வரி சேரும்.

கடன் கொடுப்பது மருத்துவமனையா, நிதி நிறுவனமா என்பதும் தெரிய வேண்டும். நிதி நிறுவனம் என்றால் சிகிச்சை பாதியில் நின்றாலும் தவணை ஓடும். வீட்டுக்கே பெட்டி அனுப்பி அலைனர் கொடுத்துவந்த அமெரிக்க நிறுவனம் ஸ்மைல் டைரக்ட் கிளப், 2023 செப்டம்பரில் திவால் மனு போட்டு, டிசம்பரில் ஒரேயடியாக மூடியது. சிகிச்சையின் நடுவில் இருந்தவர்களுக்கு அடுத்த அலைனர் வரவில்லை. தவணைத் திட்டத்தில் இருந்தவர்கள் தொடர்ந்து கட்ட வேண்டும் என்று மட்டும் அறிவிப்பு வந்தது. நேரில் பார்க்கும் மருத்துவர் ஒருவர் இருப்பதும், பணத்தைச் சிகிச்சையின் கட்டங்களோடு பிணைத்துக் கட்டுவதும் இதற்கு ஓரளவு பாதுகாப்பு. தொடக்கத்தில் பாதி, நடுவில் கால், முடிவில் கால் என்று கேட்டால் தனி மருத்துவர்கள் பலர் சம்மதிப்பார்கள்.

மருத்துவக் காப்பீட்டை நம்பி இறங்காதீர்கள். நம் நாட்டின் வழக்கமான பாலிசிகள் பல் வரிசையைச் சீராக்கும் செலவை ஏற்பதில்லை.

படி 8: ரிட்டெய்னருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்குங்கள்

நகர்ந்த பல் பழைய இடத்துக்குத் திரும்பவே பார்க்கும். கடைசி அலைனர் முடிந்ததும் சில மாதம் நாள் முழுவதும், பிறகு ஆண்டுக்கணக்கில் இரவு தோறும் ரிட்டெய்னர் அணிய வேண்டும். பிளாஸ்டிக் ரிட்டெய்னர் தேயும், விரிசல் விடும். அவ்வப்போது மாற்ற வேண்டியிருக்கும். கீழ்வரிசைக்கு உட்பக்கம் மெல்லிய கம்பி ஒட்டிக்கொண்டால் ஒரு முறைச் செலவு, ஆனால் காரை சேராமல் சுத்தம் செய்வது கூடுதல் வேலை.

மருத்துவமனையை விட்டு வரும் கடைசி நாளில், முடிவு ஸ்கேனின் எஸ்டிஎல் கோப்பை (உங்கள் பல்வரிசையின் முப்பரிமாண வடிவம் அடங்கிய கணினிக் கோப்பு) பென்டிரைவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்காகக் கோவையிலிருந்து பெங்களூருக்கு மாறிய பிறகு ரிட்டெய்னர் உடைந்தால், பல் நகராத வரை, அந்தக் கோப்பை அங்குள்ள மருத்துவரிடம் கொடுத்தால் போதும். புதிய ஸ்கேன் இல்லாமலே ஆய்வகத்தில் மாதிரி எடுத்து ரிட்டெய்னர் செய்துவிடுவார்கள். கோப்பைத் தருவார்களா, அதற்குக் கட்டணம் உண்டா என்பதை முன்பணம் கட்டும் முன்பே கேட்டு, படி 5இன் பட்டியலில் கடைசி வரியாகச் சேர்த்துவிடுங்கள்.