முதல் இஷ்யூ வந்தாச்சு, இனி என்ன? ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியைப் பராமரிக்கும் வழி

ஒரு லைப்ரரிக்குக் கோடு எழுதி, கோடைப் பொதுவில் வைக்கும் தளமான கிட்ஹப்பில் ஏற்றி, பைத்தான் பொதிகளின் கிடங்கான பைபிஐயிலும் போட்டாயிற்று. யாரோ ஒருவர் அதை நிறுவிப் பார்த்துவிட்டு, "என் கணினியில் ஓடவில்லை" என்று முதல் இஷ்யூவை (பிழையோ கோரிக்கையோ சொல்லும் பதிவு) திறந்திருக்கிறார். அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் மெயின்டெய்னர், அதாவது பராமரிப்பாளர். வாழ்த்துகள், கூடவே கொஞ்சம் அனுதாபமும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லைப்ரரி வளர வளர நீங்கள் கோடு எழுதும் நேரம் குறைந்துகொண்டே போகும். படிப்பது, பதில் எழுதுவது, "வேண்டாம்" என்று முகம் கோணாமல் சொல்வது ஆகியவைதான் பெரும்பகுதி. அதனால் கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் எழுத்து வேலை. ஒரே பதிலை இரண்டாவது தடவை தட்டச்சு செய்கிறீர்களா? அது ஒரு கோப்புக்குள் போகவேண்டிய பதில்.

உதாரணத்துக்கு ஒரு சின்னப் பைத்தான் லைப்ரரியை வைத்துக்கொள்வோம். தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும், அவ்வளவுதான். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்று சொல்லும். புள்ளியையும் இகரக் குறியையும் எழுத்துகளுக்கு எண் தரும் தரமான யூனிகோட் தனித்தனியாக எண்ணுவதால் வரும் வினை இது. நமக்கு அதில் எழுத்து மூன்றுதான். (இதை ஓப்பன்-தமிழ் லைப்ரரி ஏற்கெனவே செய்கிறது. நிஜமாகவே தேவைப்பட்டால் அங்கே போய்ப் பங்களியுங்கள். இங்கே நாம் எடுத்துக்கொள்வது பாடத்துக்காக மட்டும்.)

படி 1: லைசன்ஸ், ரீட்மீ

லைசன்ஸ் கோப்பு இல்லாத ரிப்போ (திட்டத்தின் கோப்புகள் இருக்கும் இடம்), கிட்ஹப்பில் எல்லோருக்கும் தெரிந்தாலும், சட்டப்படி உங்கள் பதிப்புரிமைக்கு உட்பட்டதுதான். மற்றவர்கள் அதை எடுத்துப் பயன்படுத்த அனுமதி இல்லை. சின்ன லைப்ரரிக்கு எம்ஐடி போதும். காப்புரிமை பற்றியும் தெளிவாக இருக்கவேண்டுமென்றால் அப்பாச்சி 2.0. மாற்றி வெளியிடுபவர்களும் மூலநிரலைத் திறந்தே தரவேண்டும் என்று நினைத்தால் ஜிபிஎல். இன்றே ஒன்றைப் போட்டுவிடுங்கள். பத்துப் பேர் பங்களித்த பிறகு லைசன்ஸை மாற்ற நினைத்தால் அந்தப் பத்துப் பேரையும் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்கவேண்டி வரும்.

ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் நான்கு விஷயம் இருந்தால் போதும்: இது என்ன செய்யும், எப்படி நிறுவுவது, ஓடும் உதாரணம் ஒன்று, இது என்ன செய்யாது. கடைசியதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "அசை பிரிக்காது, எழுத்துப்பிழை திருத்தாது" என்ற ஒரு வரி பின்னால் பல இஷ்யூக்களைத் தடுக்கும்.

படி 2: பங்களிப்பாளருக்கான வழிகாட்டி

கான்ட்ரிபியூட்டிங் என்ற பெயரில் ஒரு கோப்பைப் போட்டால், புதிதாக இஷ்யூவோ புல் ரிக்வெஸ்ட்டோ (என் மாற்றத்தை உங்கள் கோடில் சேருங்கள் என்ற கோரிக்கை) திறப்பவருக்குக் கிட்ஹப் அதன் இணைப்பைத் தானே காட்டும். ரிப்போவை எடுப்பதிலிருந்து டெஸ்ட் ஓடும் வரைக்குமான கட்டளைகளை வரிசையாக எழுதுங்கள். எழுதியதைச் சோதிக்க ஒரே வழிதான் உண்டு. எதுவும் நிறுவாத டாக்கர் கன்டெய்னரை (கணினிக்குள் தனியாக ஓடும் சூழல்) திறந்து, கோப்பில் உள்ளதை மட்டும் ஒவ்வொன்றாக ஒட்டிப் பாருங்கள். உங்கள் மடிக்கணினியில் என்றோ நிறுவி மறந்துபோன ஏதாவது ஒன்று அங்கே கட்டாயம் இடிக்கும்.

நடத்தை விதிகளுக்கு 2014இல் வந்த கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்டைப் பல திட்டங்கள் அப்படியே எடுத்துக்கொள்கின்றன. போடலாம். ஆனால் புகார் எந்த முகவரிக்கு வரும், வந்தால் யார் படிப்பார் என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

படி 3: இஷ்யூக்கள்

நிதானமாகக் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் இது. இப்படி ஒரு இஷ்யூ வருகிறது என்று வையுங்கள்:

"'கொடி' என்று கொடுத்தால் தப்பாகப் பிரிக்கிறது. சீக்கிரம் சரிசெய்யவும்."

நீங்கள் தட்டச்சு செய்து பார்க்கிறீர்கள். 'கொ', 'டி' என்று ஒழுங்காகவே வருகிறது. "என்னிடம் சரியாக வருகிறதே" என்று எழுதி மூடிவிடக் கை துறுதுறுக்கும். மூடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டும் கேட்காதீர்கள், இந்த மாதிரிச் சிக்கலில் அதனால் பயனே இல்லை. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"தகவலுக்கு நன்றி. என்னிடம் பதிப்பு 0.3.1இல் சரியாக வருகிறது. உங்கள் பதிப்பு எது? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, நீங்கள் தட்டச்சு செய்ததா, வேறு கோப்பிலிருந்து நகலெடுத்ததா? அதன் ஒவ்வொரு குறிக்கும் உள்ள யூனிகோட் எண்களை இங்கே ஒட்ட முடியுமா? அதற்கான ஒரு வரிக் கட்டளையைக் கீழே கொடுத்திருக்கிறேன்."

எண்கள் வந்ததும் விஷயம் புரிந்துவிடும். 'கொ'வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக எழுதலாம், எகரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் இரண்டும் சமமா என்று பைத்தானிடம் கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும். உங்கள் விசைப்பலகை முதல் வகையைத் தருகிறது, அவர் நகலெடுத்த கோப்பில் இருப்பது இரண்டாவது. தீர்வு எளிது: பிரிப்பதற்கு முன் உள்ளீட்டை, இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றுசேர்க்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். அதற்கான வசதி பைத்தானிலேயே இருக்கிறது. முதலில் தோற்கும் டெஸ்ட் ஒன்றை எழுதுங்கள், அப்புறம் திருத்தம்.

மேலே கேட்ட கேள்விகளை இஷ்யூ வார்ப்புருவில் போட்டுவிடுங்கள்: லைப்ரரி பதிப்பு, பைத்தான் பதிப்பு, கொடுத்த உள்ளீடு, எதிர்பார்த்தது, வந்தது. ஐந்து புலங்களுக்கு மேல் வேண்டாம். இருபது பெட்டி கொண்ட படிவத்தைப் பார்த்தால் நல்ல பிழையைக் கண்டவர்கூடத் திரும்பிப் போய்விடுவார்.

வசதி கேட்டு வரும் இஷ்யூக்கள் வேறு ரகம். "இதோடு எழுத்துப்பிழை திருத்தியையும் சேர்க்கலாமே" என்பார் ஒருவர். யோசனை நல்லதாகவே இருக்கலாம். ஆனால் உள்ளே வரும் ஒவ்வொரு வசதிக்கும் அடுத்த ஐந்து வருடம் பதில் சொல்லப்போவது நீங்கள். "பார்க்கலாம்" என்று சொல்லி இரண்டு வருடம் திறந்தே வைப்பதைவிட, "இந்த லைப்ரரியின் எல்லைக்குள் இது வராது. இதன் மேல் தனி லைப்ரரியாக எழுதினால் ரீட்மீயில் இணைப்புக் கொடுக்கிறேன்" என்று அன்றே மூடுவது மரியாதை.

பழைய இஷ்யூக்களைத் தானாக மூடும் பாட் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பதில் கிடைக்காத பிழை, மூடியதால் சரியாகிவிடாது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, லேபிள் மட்டும் போட்டு வந்தாலே குவியல் கட்டுக்குள் இருக்கும். 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' லேபிளைப் போடும்போது எந்தக் கோப்பு, எந்த ஃபங்ஷன், எந்த டெஸ்ட் என்று இரண்டு வரி எழுதுங்கள். அது இல்லாவிட்டால் புதியவருக்கு அந்த லேபிள் எதற்கும் உதவாது.

படி 4: புல் ரிக்வெஸ்ட்

முதல்முறை பங்களிப்பவர் ஒருவர் புல் ரிக்வெஸ்ட் அனுப்பியிருக்கிறார். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் (டெஸ்ட் போன்றவற்றைத் தானாக ஓட்டும் வசதி) உங்கள் அனுமதிக்காகக் காத்திருக்கலாம். பிறர் ரிப்போக்கள் வழியாகக் கிரிப்டோ மைனிங் நடந்ததால் 2021இல் வந்த ஏற்பாடு அது. ஆக்‌ஷன்ஸ் கோப்புகளில் கைவைத்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு அனுமதியுங்கள்.

இரண்டு மூன்று நாளுக்குள் ஏதாவது ஒரு பதில் போடுங்கள். முழு ரிவ்யூ முடியாவிட்டால் "பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை விரிவாக எழுதுகிறேன்" என்பதே போதும். முதல் புல் ரிக்வெஸ்ட் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் கிடந்தால் அந்த நபர் திரும்ப வரமாட்டார்.

ரிவ்யூவில் இடைவெளி, மேற்கோள்குறி, வரி நீளம் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதீர்கள். அதை ரஃப் போன்ற கருவியிடம் விடுங்கள். இயந்திரம் குறை சொன்னால் யாருக்கும் கோபம் வராது. நீங்கள் பார்க்கவேண்டியது: டெஸ்ட் இருக்கிறதா, பழைய பயனரின் கோடு உடையுமா, இதை ஒரு வருடம் கழித்து உங்களால் படித்துப் புரிந்துகொள்ள முடியுமா. கட்டாயம் மாற்றவேண்டியது எது, வெறும் யோசனை எது என்று ஒவ்வொரு குறிப்பிலும் பிரித்துச் சொல்லுங்கள்.

சின்னத் திருத்தம் மட்டும் பாக்கி என்றால் அதை நீங்களே அவருடைய கிளையில் செய்து மெர்ஜ் செய்யலாம், அதாவது மூலக் கோடோடு சேர்க்கலாம். ஆனால் அவர் கோடை மூடிவிட்டு, அதையே உங்கள் பெயரில் திரும்ப எழுதி ஏற்றுவது கூடவே கூடாது. கமிட்டில் (மாற்றத்தின் பதிவில்) அவர் பெயர் இருக்கவேண்டும், வெளியீட்டுக் குறிப்பிலும் இருக்கவேண்டும். சம்பளமில்லாத வேலைக்கு அதுதான் கூலி.

குப்பையும் வரும். 2020இல் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பு விழாவின்போது இலவச டி-ஷர்ட்டுக்காக ரீட்மீயில் ஒரு சொல் மட்டும் சேர்த்த புல் ரிக்வெஸ்ட்டுகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. விரும்பும் ரிப்போக்கள் மட்டும் சேரலாம் என்று விதியையே மாற்றினார்கள். 2024இல் எக்ஸ்பிரஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின் ரிப்போவிலும் இதே கதை. புல் ரிக்வெஸ்ட் போடக் கற்றுத்தந்த ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, ரீட்மீயில் தங்கள் பெயரைச் சேர்த்து வரிசையாக அனுப்பினார்கள், நம் நாட்டு மாணவர்கள்தான் நிறையப் பேர். இப்போது ஏஐ எழுதிய, யாரும் ஓட்டிப் பார்க்காத பிழையறிக்கைகளும் வருகின்றன. கர்ல் என்ற தரவுப் பரிமாற்றக் கருவித் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பெர்க் இதைப் பற்றிப் பலமுறை வெளிப்படையாகப் புலம்பியிருக்கிறார். இவற்றுக்கெல்லாம் ஒரே வரியில் பதில் தயாராக இருக்கட்டும். கிட்ஹப்பில் பதிலைச் சேமித்து வைக்கும் வசதி உண்டு. ஒட்டுங்கள், மூடுங்கள், வாதாடாதீர்கள்.

படி 5: வெளியீடு

செமாண்டிக் வெர்ஷனிங் என்ற பதிப்பு எண் முறையில் மூன்று எண். பழைய கோடை உடைக்கும் மாற்றம் என்றால் முதல் எண் கூடும், புது வசதிக்கு நடு எண், பிழைத்திருத்தத்துக்குக் கடைசி எண். முதல் எண் பூஜ்யமாக இருக்கும்வரை எதுவும் மாறலாம்.

படிக்க எளிது, நடைமுறையில் தலைவலி. 'ஸ்ரீ'யை இதுவரை 'ஸ்', 'ரீ' என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள். இனி ஒரே எழுத்தாகத் தரப்போகிறீர்கள். இது பிழைத்திருத்தமா, உடைக்கும் மாற்றமா? உங்களுக்குப் பிழைதான். ஆனால் யாரோ ஒருவர் பழைய எண்ணிக்கையை நம்பி ஒரு சொல் விளையாட்டே கட்டியிருக்கலாம். சந்தேகம் வந்தால் பெரிய எண்ணைக் கூட்டிவிடுங்கள், எண்ணுக்கு ஒன்றும் பஞ்சமில்லை.

சேஞ்ச்லாகை (மாற்றங்களின் குறிப்பை) மனிதர்கள் படிப்பதற்காக எழுதுங்கள். கமிட் பட்டியலை அப்படியே கொட்டாதீர்கள். ஃபங்ஷன் ஒன்றை நீக்குவதானால், முந்தைய பதிப்பிலேயே எச்சரிக்கை காட்டி, மாற்று வழியையும் சொல்லிவிட்டு நீக்குங்கள்.

தப்பான பதிப்பு போய்விட்டால் அழிக்கவேண்டாம். பைபிஐயில் 'யாங்க்' செய்யலாம். புதிதாக நிறுவுபவர்களுக்கு அது போகாது, அந்தப் பதிப்பையே குறித்துவைத்தவர்களுக்கு உடையாது. அழித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2016 மார்ச்சில் நடந்த லெஃப்ட்-பேட் விவகாரம் சாட்சி. ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளின் கிடங்கான என்பிஎம்மிலிருந்து 11 வரிக் கோடு ஒன்று விலக்கப்பட்டதும், பேபல் உட்பட அதை நம்பியிருந்த திட்டங்களின் பில்ட் உலகம் முழுக்க நின்றுபோனது.

படி 6: சாவியைப் பகிர்தல்

நல்ல பங்களிப்பாளர் ஒருவர் அமைந்துவிட்டால், எல்லாவற்றையும் அவர் கையில் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடலாம் என்று தோன்றும். அந்த ஆசையைத்தான் எக்ஸ்இசட் விவகாரத்தில் ஒருவர் பயன்படுத்திக்கொண்டார். லினக்ஸில் எங்கும் இருக்கும் அந்தச் சுருக்கக் கருவியைப் பல வருடம் தனி ஆளாகப் பார்த்துவந்தவர் சோர்ந்திருந்தார். 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் பொறுமையாக, உருப்படியான பேட்ச்களை அனுப்பினார். 2022இல் வேறு சில முகவரிகள், "வேலை மெதுவாக நடக்கிறது, இன்னொருவரைச் சேருங்கள்" என்று நெருக்கின. அவரும் ஜியா டானைச் சேர்த்தார். 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) இருந்தது. எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைவது அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டிய ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், மார்ச் 29 அன்று அதை வெளிப்படுத்தினார்.

யாரையும் நம்பாதீர்கள் என்று இதிலிருந்து எடுத்துக்கொண்டால் தனியாகவே சாகவேண்டியதுதான். படிப்படியாகக் கொடுங்கள். தனிக் கணக்கில் உள்ள ரிப்போவை முதலில் ஒரு ஆர்கனைசேஷனுக்கு மாற்றுங்கள், அங்கேதான் உரிமைகளைப் பிரித்துத் தரமுடியும். முதலில் இஷ்யூக்களுக்கு லேபிள் போட 'டிரையாஜ்' உரிமை. சில மாதம் கழித்து மெர்ஜ் செய்ய 'ரைட்'. மெயின் கிளைக்குப் பாதுகாப்பு போட்டு, உங்கள் கோடுக்கும் இன்னொருவர் ஒப்புதல் தேவை என்று வையுங்கள். அப்போதுதான் அது சந்தேகமாகத் தெரியாமல் வழக்கமாகத் தெரியும்.

வெளியிடும் உரிமை கடைசி. அதையும் ஒரு மனிதரின் கடவுச்சொல்லில் தொங்கவிடாதீர்கள். 2023 முதல் பைபிஐயில் 'டிரஸ்டட் பப்ளிஷிங்' உண்டு. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் நேராக ரிப்போவிலிருந்தே பொதியைக் கட்டி ஏற்றிவிடும், நெடுநாள் டோக்கன் (கடவுச்சொல் போன்ற சாவி) தேவையில்லை. எக்ஸ்இசட் பின்கதவை இயக்கிய பில்ட் ஸ்கிரிப்ட் கிட் ரிப்போவில் இல்லை, கையால் கட்டி வெளியிட்ட பொதியில் மட்டும் இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

பாதுகாப்புக் குறை கண்டவர் பொதுவில் இஷ்யூ திறக்காமல் தனியாகச் சொல்ல, கிட்ஹப்பில் தனிப்பட்ட அறிக்கை வசதியை இயக்கிவிடுங்கள். அமைப்புகளில் ஒரே ஒரு பொத்தான்.

படி 7: நிறுத்துவது

வேலை மாறும், குழந்தை பிறக்கும், ஆர்வமே போய்விடும். அப்போது மௌனமாக மறையாமல் ரீட்மீயின் முதல் வரியில் எழுதுங்கள்: "பிழைத்திருத்தம் மட்டும், புது வசதி இல்லை." அதுவும் முடியாதபோது, ஏற்கெனவே கூட வேலை செய்தவர் இருந்தால் அவரிடம் ஒப்படைக்கலாம். யாரும் இல்லையென்றால் முன்பின் தெரியாதவர் கேட்டார் என்று கொடுக்காதீர்கள். 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் லைப்ரரி அப்படித்தான் கைமாறி, பிட்காயின் திருடும் கோடு உள்ளே வந்தது. மாற்று லைப்ரரிகளின் பெயரை ரீட்மீயில் எழுதி, திறந்திருக்கும் இஷ்யூக்களில் ஒரு வரி சொல்லிவிட்டு, ரிப்போவை ஆர்க்கைவ் செய்துவிடுங்கள், அதாவது படிக்க மட்டும் முடியும்படி ஆக்கிவிடுங்கள். கோடு அங்கேயே இருக்கும், வேண்டியவர்கள் ஃபோர்க் செய்து (தனி நகலெடுத்து) கொள்வார்கள். மனம் மாறினால் அந்த ஆர்க்கைவைத் திரும்ப எடுத்துவிடவும் முடியும்.