லாக் மெசேஜ எப்படி எழுதுனா படிக்கிறவருக்கு புரியும்

டிஸ்க்ல எடமில்லன்னு ஒரு சர்வர் கத்திக்கிட்டே இருந்துச்சு, எவ்வளவு எடம் மிச்சம்னு காட்டுற டிஎஃப் கமாண்ட அடிச்சு பாத்தா பாதி டிஸ்க் காலியா கெடக்கு, சரி ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்ல ஒதுக்குற பதிவு) தீந்துருக்கும்னு அதையும் பாத்தேன், அதுவும் தாராளமா இருக்கு. ரெண்டு மணி நேரம் மண்டைய ஒடச்சப்புறம்தான் தெரிஞ்சுது, டிஸ்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, ஐநோட்டிஃபை (ஃபைல் மாறுதான்னு கவனிக்கிற லினக்ஸ் வசதி) வாட்ச் லிமிட் தீந்து போயிருக்கு. லினக்ஸ்ல அந்த லிமிட்ட தாண்டுனா கெர்னல், அதாவது சிஸ்டத்தோட மையப் பகுதி, திருப்பி குடுக்குறது ஈநோஸ்பிசிங்கற எரர், அதோட நம்பர் (எர்னோ) 28. டிஸ்க் நெறஞ்சாலும் அதே 28தான். நம்பர வார்த்தையா மாத்துற ஸ்ட்ர்எரர் ஃபங்ஷன்ல அத குடுத்தா ரெண்டுக்கும் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’னு ஒரே வரிதான் வரும். கெர்னல குத்தம் சொல்லி என்ன பண்றது, அதுகிட்ட இருக்குற நம்பர் அவ்வளவுதான். அந்த டீமன (பின்னணில ஓடுற ப்ரோக்ராம்) எழுதுனவரு முன்னாடி ‘இந்த டைரக்டரிக்கு வாட்ச் போட முடியல’ன்னு நாலு வார்த்த சேத்திருந்தா எனக்கு அந்த ரெண்டு மணி நேரம் மிச்சம்.

லாக் மெசேஜ், அதாவது ப்ரோக்ராம் என்ன நடந்துச்சுன்னு பதிவு பண்ற வரி, அத எழுதுறப்ப எல்லாரும் வழுக்குற எடம் இதான். எழுதுறப்ப நம்ம கண்ணு முன்னாடி ஃபங்ஷன் இருக்கு, வேரியபிள் இருக்கு, அதனால ‘ஓப்பன் ஃபெயில்டு’ன்னு மட்டும் போட்டாலே நமக்கு போதும்னு தோணுது. படிக்கிறவர்கிட்ட சோர்ஸ் கோட் கெடையாது, அந்த ஒத்த வரி மட்டும்தான். அதனால எரர் ஸ்ட்ரிங்க எப்பவும் தனியா விடாதீங்க, என்ன பண்ண பாத்தோம், எது மேல பண்ண பாத்தோம், என்ன பதில் வந்துச்சு, இந்த மூணையும் அந்த ஒரே வரில வைங்க. (உதாரணத்த எல்லாம் தமிழ்ல சொல்றேன், நீங்க கோட்ல எந்த மொழில எழுதுனாலும் கணக்கு ஒண்ணுதான்.) இன்னொரு பழைய வேதன, ஒரு ஸ்க்ரிப்ட்ட ரன் பண்ணா அப்படி ஒரு ஃபைலே இல்லன்னு வரும், ஃபைல் பட்டியல் காட்டுற எல்எஸ் கமாண்ட அடிச்சா ஃபைல் கண்ணு முன்னாடி இருக்கும். இல்லாம இருக்குறது ஸ்க்ரிப்ட்டோட மொத வரில சொல்லியிருக்குற இன்டர்ப்ரெட்டர், அதாவது அந்த ஸ்க்ரிப்ட்ட ஓட்டுற ப்ரோக்ராம். உங்க ப்ரோக்ராம் வேற ப்ரோக்ராம்கள ஸ்டார்ட் பண்ற ரகம்னா, ஈநோஎன்ட் (ஃபைல் இல்லங்கற எரர்) வந்தப்ப பாத்த் பேரோட ‘ஃபைலோ அதோட இன்டர்ப்ரெட்டரோ இல்ல’ன்னு சொன்னீங்கன்னா நெறைய பேரு உங்கள வாழ்த்துவாங்க.

வெறும் நம்பரா விடுறதும் பாவம். ‘ஃபர்ம்வேர் லோட் ஆகல, எரர் மைனஸ் 2’ன்னு கெர்னல் சொல்ற வரிய பாத்துட்டு அந்த மைனஸ் 2 என்னன்னு தேடாதவங்க கம்மி. அது ஈநோஎன்ட், ஃபைல் இல்ல, அவ்வளவுதான் விஷயம். இப்ப கெர்னல்ல மெசேஜ் அச்சடிக்கிற ப்ரின்ட்கேல எரரோட பேரையே அச்சடிக்கிற ஃபார்மட் இருக்கு, பர்சன்ட் போட்டு பி, ஈன்னு எழுதணும், கெர்னல் கோட் எழுதுறவங்க அத யூஸ் பண்ணுங்க. லினக்ஸ்ல சர்வீஸ்கள ஸ்டார்ட் பண்ற சிஸ்டம்டி இதுல பரவால்ல, ஒரு சர்வீஸோட பைனரிய ரன் பண்ணவே முடியலன்னா ஸ்டேட்டஸ் 203னு விட்டுறாம பக்கத்துலயே எக்ஸெக்னு போடும்.

அப்புறம் பெரும்பாலும் யாரும் எழுதாம விடுற ஒரு பகுதி இருக்கு: ப்ரோக்ராம் அடுத்து என்ன பண்ணப்போகுது. ‘கன்ஃபிக் ஃபைல படிக்க முடியல’ன்னு ஒரு வரி, சரி, அப்புறம்? டீஃபால்ட் வேல்யூவோட ஓடுதா, செத்துப் போச்சா, அஞ்சு செகண்ட் கழிச்சு திரும்ப ட்ரை பண்ணுமா? ராத்திரி அலர்ட் வந்து எழுந்தவருக்கு மொத கேள்வியே ‘நான் இப்ப ஏதாவது பண்ணணுமா, இல்ல போய் படுக்கலாமா’ங்கறதுதான். இந்த விஷயத்துல கெர்னல் நெட்வொர்க் ஆளுங்க எழுதுனது எனக்கு புடிக்கும். ‘கான்ட்ராக் டேபிள் நெறஞ்சுருச்சு, பாக்கெட்ட ட்ராப் பண்றேன்’ (கான்ட்ராக் டேபிள்னா நடப்புல இருக்குற கனெக்ஷன்களோட பட்டியல்), காரணமும் விளைவும் ஒரே வரில வந்துருச்சு. அதே மாதிரி ‘இந்த போர்ட்ல சின் ஃப்ளடிங்கா இருக்கலாம், குக்கி அனுப்புறேன்’னு ஒண்ணு வரும் (சின் ஃப்ளடிங்னா கனெக்ஷன் கோரிக்கைய அனுப்பி குவிக்கிற அட்டாக்). அதுல ‘இருக்கலாம்’ங்கறத கவனிங்க, கனெக்ஷன் க்யூ நெறஞ்சது மட்டும்தான் அதுக்கு தெரியும், அட்டாக்கா இல்ல நெஜமாவே கூட்டமான்னு தெரியாது, தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்லல. காரணத்த யூகிச்சு சொல்றீங்கன்னா யூகம்னு தெரியுற மாதிரியே எழுதுங்க.

இதுக்கு நேர்மாறா ஒண்ணு. ஒரு டாஸ்க் 120 செகண்டுக்கு மேல மாட்டிக்கிட்டு நின்னா கெர்னல் ஒரு மெசேஜ் போடும், மொத வரி நல்லாவே இருக்கும், எந்த டாஸ்க், எவ்வளவு நேரம்னு எல்லாம் சொல்லும். கொஞ்சம் கீழயே, ப்ராக்ல (கெர்னல் செட்டிங் எல்லாம் ஃபைலா தெரியுற டைரக்டரி) இருக்குற ஒரு ஃபைல்ல ஜீரோ எழுதுனா இந்த மெசேஜ் வராதுன்னு கமாண்டோட ஒரு வரி. அந்த கமாண்ட அப்படியே காப்பி பண்ணி போட்டுட்டு ப்ராப்ளம் தீந்துருச்சுன்னு போறவங்கள நானே பாத்துருக்கேன், டிஸ்க் என்னமோ அப்படியே தொங்கிட்டுதான் இருந்துச்சு! மெசேஜ்ல ஒரு கமாண்ட் எழுதுனீங்கன்னா யாரோ ஒருத்தர் அத யோசிக்காம ஓட்டுவாரு, அந்த நெனப்போடயே எழுதுங்க.

நடந்துச்சா, நடக்குதா, நடக்கப்போகுதா, இதுவும் வார்த்தைல தெளிவா இருக்கணும். பழைய கெர்னல்ல மெமரி தீந்தப்ப ‘இந்த ப்ராசஸ கொல்லு, இல்லன்னா புள்ளைய பலி குடு’ங்கற மாதிரி ஒரு வரி வரும் (புள்ளன்னா அந்த ப்ராசஸ் ஸ்டார்ட் பண்ண இன்னொரு ப்ராசஸ்), கொன்னாச்சா இல்ல கொல்லப்போறாங்களா, எத கொன்னாங்கன்னு அந்த வரிய மட்டும் வச்சு சொல்லவே முடியாது, அடுத்த வரில வேற பிஐடி (ப்ராசஸ் நம்பர்) கூட வரலாம். இப்ப வர்ற கெர்னல்ல ‘கில்டு ப்ராசஸ்’னு முடிஞ்சு போன வேலையா நேரா சொல்லுது. சிஸ்டம்டில ‘ஸ்டார்ட்டிங்’, ‘ஸ்டார்ட்டட்’னு ரெண்டு தனித்தனி வரி வர்றதுக்கும் இதான் அர்த்தம், மொதல்து இருந்து ரெண்டாவது இல்லன்னா நடுவுல எங்கயோ நின்னுருச்சுன்னு பாத்த ஒடனே தெரியும்.

‘இன்வாலிட்’, ‘அன்எக்ஸ்பெக்டட்’ இந்த ரெண்டையும் பாத்தாலே எனக்கு கடுப்பு. ‘இன்வாலிட் வேல்யூ’ன்னா என்ன வேல்யூ வந்துச்சு, எது வந்தா ஏத்துக்கும்? ‘டைம்அவுட் 70000 குடுத்துருக்கீங்க, 1லேருந்து 65535 மில்லிசெகண்ட் வரைக்கும்தான் முடியும்’னு சொல்லுங்க, வேல முடிஞ்சுது. இங்கயே இன்னொண்ணு, யூனிட் இல்லாத நம்பர் நம்பரே இல்ல, டைம்அவுட் 30ன்னா செகண்டா மில்லிசெகண்டான்னு யாருக்கு தெரியும். ஃபைல் பேரு, யூசர் குடுத்த ஸ்ட்ரிங் இதெல்லாம் மேற்கோள் குறிக்குள்ள போடுங்க, இல்லன்னா பேரு எம்ப்டியா வந்தப்ப ‘ஃபைல் திறக்க முடியல’ன்னு மொட்டையா நிக்கும், எந்த ஃபைலுன்னு தேடிக்கிட்டே இருப்போம், கடைசில ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டு இருந்தாலும் கண்ணுக்கு தெரியாது.

லெவல் விஷயம். லாக் அனுப்புறதுக்கான பொது முறையான சிஸ்லாக்ல 0லேருந்து 7 வரைக்கும் எட்டு லெவல், 0 எமர்ஜென்சி, 7 டீபக், 2009ல வந்த ஆர்எஃப்சி 5424ங்கற அதோட ஸ்டாண்டர்ட்லயும் அப்படித்தான் இருக்கு. நடைமுறைல சண்ட எல்லாம் 3க்கும் 4க்கும்தான், எரரா வார்னிங்கா. நான் வச்சிருக்குற கணக்கு, கேட்ட வேல நடக்கலன்னா எரர், நடந்துச்சு ஆனா யாராவது ஒரு தடவ பாக்குறது நல்லதுன்னா வார்னிங். லெவலும் வார்த்தையும் ஒத்துப் போகணும், இன்ஃபோ லெவல்ல ‘ஃபெயில்டு’ன்னு எழுதி வச்சா அந்த வார்த்தைய க்ரெப் பண்ணி தேடுறவங்க தேவையில்லாம பதறுவாங்க. ஆப்ஷனல் ஃபைல் இல்லன்னா ‘இல்ல, டீஃபால்ட் எடுத்துக்குறேன்’ போதும். கெர்னல் ட்ரைவர்ல இன்னொரு டிவைஸ் ரெடியாகட்டும்னு காத்திருக்குறது ப்ரோப் டிஃபர், எரர் 517, அது தப்பே இல்ல, வழக்கமா நடக்குறதுதான். டெவ் எர் ப்ரோப்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, அது இந்த எரர மட்டும் டீபக் லெவலுக்கு எறக்கிரும், நாமளே இஃப் போட்டு பாக்க வேண்டியதில்ல.

ஒரே மெசேஜ் ஆயிரம் தடவ வர வாய்ப்பிருந்தா ரேட் லிமிட் (இவ்வளவு நேரத்துல இத்தன தடவதான்னு ஒரு கட்டுப்பாடு) போடுங்க, அத சொல்ற வரியையும் ஒழுங்கா எழுதுங்க. கெர்னல்ல அப்படி அமுக்குனப்ப ‘இத்தன கால்பேக்ஸ் சப்ரஸ்டு’ன்னு வரும், மொத தடவ பாக்குறவருக்கு என்ன கால்பேக், யாரு அமுக்குனான்னு ஒரு மண்ணும் புரியாது. ‘இதே மாதிரி இன்னும் 45 மெசேஜ காட்டல’ன்னா முடிஞ்சுது. பாஸ்வேர்ட், டோக்கன் எல்லாம் லாக்ல போகக்கூடாதுன்னு தனியா சொல்லணுமா என்ன.

தேடுறதுக்கும் வசதி பண்ணுங்க. மாறாத வார்த்தைங்க ஒண்ணா சேந்து ஒரே ஸ்ட்ரிங்கா சோர்ஸ்ல இருக்கணும், வரி நீளமாகுதேன்னு நடுவுல ஒடைக்காதீங்க, லாக்ல பாத்தத சோர்ஸ்ல க்ரெப் பண்ணுறப்ப மாட்டாது. லினக்ஸ் கோடிங் ஸ்டைல் டாக்குமென்டே இதுக்கு விதிவிலக்கு குடுக்குது. அதே டாக்குமென்ட்ல நம்பர பிராக்கெட்டுக்குள்ள போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல, ஸ்பெல்லிங்க பாத்து எழுதுங்கன்னும் இருக்கு.

எழுதி முடிச்சதும் டெஸ்ட் பண்ணுங்க, வேணும்னே பர்மிஷன எடுத்துருங்க, கேபிள புடுங்குங்க, வந்த வரிய கோட் தெரியாத ஒருத்தர்கிட்ட காட்டி என்ன ஆச்சு, நீங்கன்னா என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க. அவரு உங்கள திருப்பி ஒரு கேள்வி கேட்டா அந்த பதில்தான் மெசேஜ்ல விட்டுப்போன வார்த்த.

ஏற்கனவே ரிலீஸ் ஆன மெசேஜ திருத்துறப்ப மட்டும் அவசரப்படாதீங்க, அந்த வரிய மனுஷங்க மட்டும் படிக்கல. ஃபெயில்2பேன் மாதிரி டூல் எல்லாம் எஸ்எஸ்எச் (வெளியிலேருந்து சர்வர்ல லாகின் பண்ற வழி) டீமன் எழுதுற வார்த்தைய ரெஜெக்ஸ் (எழுத்து பேட்டர்ன்) வச்சு புடிச்சுதான் ஐபிய ப்ளாக் பண்ணுது, நீங்க அழகா இருக்கட்டும்னு ஒரு வார்த்தைய மாத்துனா யாரோட சர்வர்லயோ பூட்டு சத்தமில்லாம தெறந்துக்கும். அதனால மாத்துனத ரிலீஸ் நோட்ல போடுங்க. சிஸ்டம்டியோட லாக்க சேத்து வைக்கிற ஜர்னல்டிக்கு எழுதுற ப்ரோக்ராம்னா முக்கியமான மெசேஜ் ஒவ்வொண்ணுக்கும் ஒரு மெசேஜ் ஐடி குடுத்துருங்க, 128 பிட் நம்பர், டூல் எல்லாம் அத வச்சு தேடிக்கும், வார்த்தைய நீங்க எத்தன தடவ வேணும்னாலும் திருத்திக்கலாம்.