லைடன்: பிள்ளைகளோடு ஒரு கால்வாய் நகரம், ஒன்றரை நாளில்

நெதர்லாந்து என்றதும் எல்லோரும் ஆம்ஸ்டர்டாமுக்குத்தான் டிக்கெட் போடுகிறார்கள். தனியாகப் போகிறவர்களுக்கு அது சரி. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று போகிறவர்களுக்கு நான் லைடனைத்தான் சொல்வேன். அதே மாதிரிக் கால்வாய்கள், அதே மாதிரி ஒட்டி நிற்கும் பழைய செங்கல் வீடுகள், ஆனால் ஆளை இடித்துக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. பழைய நகரம் முழுவதையும் நாலு வயதுக் குழந்தை நடந்தே பார்த்துவிடும், நடுவில் இரண்டு முறை தூக்கச் சொல்லும், அவ்வளவுதான். நாங்கள் போனபோது பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு நாலு. முதல் முறை போகிறவர்களுக்காக, செய்ததையும் செய்திருக்கக் கூடாததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

படி 1: ரயிலில் வந்து இறங்குங்கள்

ஸ்கிப்போல் விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து லைடன் சென்ட்ரல் ஏறக்குறைய இருபது நிமிடம். பெரியவர்கள் டிக்கெட் வாங்க வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கான்டாக்ட்லெஸ் வசதியுள்ள விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை ஏறுமுன் கருவியில் ஒருமுறை, இறங்கியபின் ஒருமுறை காட்டினால் கட்டணம் கழிந்துவிடும். இந்திய அட்டை என்றால் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே வங்கி ஆப்பில் திறந்து வையுங்கள். ஒரு அட்டைக்கு ஒரு ஆள்தான். கணவன், மனைவி இருவரும் ஒரே அட்டையில் போக முடியாது.

இங்கேதான் நாங்கள் மாட்டினோம். என் கணவர் ஏறும்போது போனைக் காட்டினார், இறங்கும்போது அதே கணக்கின் பிளாஸ்டிக் அட்டையைக் காட்டினார். வங்கிக்கு இரண்டும் ஒன்றுதான், கருவிக்கு இரண்டும் வேறு வேறு. முடிக்காத பயணம் இரண்டு என்று பதிவாகி, பணம் கூடுதலாகப் போனது. எதில் ஏறினீர்களோ அதிலேயே இறங்குங்கள்.

நாலு வயதுக்குக் கீழ் இருந்தால் ரயிலில் இலவசம். 4 முதல் 11 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ரெயில்ரன்னர் என்ற நாள் சீட்டு இருக்கிறது. விலை மிகக் குறைவு, நிலைய இயந்திரத்திலேயே வாங்கலாம்.

படி 2: தண்ணீர்க்கரை விதியை முதலிலேயே பேசிவிடுங்கள்

கால்வாய்க் கரைகளில் பெரும்பாலும் கைப்பிடிச் சுவர் கிடையாது. தெரு முடியும் இடத்தில் தண்ணீர் தொடங்கிவிடும். சில இடங்களில் கார் உருண்டு விழாமலிருக்க முழங்கால் உயரத்தில் ஒரு கம்பி, அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. டச்சுப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே நீச்சல் கற்றுச் சான்றிதழ் வாங்கிவிடுகிறார்கள், அதனால் அவர்கள் பாட்டுக்குக் கரையோரம் ஓடுவார்கள். அதைப் பார்த்து நம் பிள்ளையும் ஓடும். ஹோட்டலை விட்டுக் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்: வீட்டுப் பக்கம் பிள்ளை, தண்ணீர்ப் பக்கம் பெரியவர். வாத்துக்கு ரொட்டி காட்டும்போதுகூட இந்த விதி மாறாது.

தண்ணீரைவிட என்னை அதிகம் பயமுறுத்தியது சைக்கிள்தான். சத்தமே இல்லாமல் வரும். சிவப்பு நிறத்தில் பாவியிருக்கும் பாதை சைக்கிளுக்கானது. அதில் நின்று போட்டோ எடுத்தால் மணி அடிப்பார்கள், வேகத்தைக் குறைக்க மாட்டார்கள். ஸ்ட்ரோலர் கொண்டுபோனால் பெரிய சக்கரம் உள்ளதாக இருக்கட்டும், உள் தெருக்கள் எல்லாம் கல் பாவியவை. குடையை ஊரிலேயே விட்டுவிடுங்கள். அங்கே மழை காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் அடிக்கும், தலைமூடியுள்ள மழைக்கோட்டுதான் சரிப்படும்.

படி 3: முதல் நாள் காலை உயரமான இடங்கள்

பிள்ளைகள் தெம்பாக இருக்கும்போதே ஏற வேண்டியதை ஏறிவிடுங்கள். நிலையத்திலிருந்து ஊருக்குள் நடக்கும் வழியிலேயே தெ ஃபால்க் என்ற காற்றாலை நிற்கிறது. 1743-ல் கட்டியது, தானியம் அரைக்க. ஏழு தளம், உள்ளே அருங்காட்சியகம். மேலே போகப் போகப் படிக்கட்டு ஏணியாகிவிடும். ஒன்பது வயதுக்காரி ஏறிவிட்டாள். சின்னவனும் நானும் கீழ்த் தளத்தில் ஆலைக்காரர் குடும்பம் வாழ்ந்த அறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்தது புர்க்ட் கோட்டை. ஊருக்கு நடுவே, ரைன் ஆற்றின் இரண்டு கிளைகள் சேரும் இடத்தில், மனிதர்கள் மண் குவித்து உண்டாக்கிய மேடு, அதன் தலையில் வட்டமான ஒரு மதில். வேறொன்றும் இல்லை, கட்டணமும் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கோட்டை கிடையாது. மதிலின்மேல் சுற்றி வரலாம், துவாரங்கள் வழியே எதிரியைப் பார்க்கலாம்.

எதிரி யார் என்று கேட்பார்கள், கதையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். 1574-ல் ஸ்பானியப் படை ஊரைச் சூழ்ந்துகொண்டது. உள்ளே பட்டினி. வேறு வழியில்லாமல் டச்சுக்காரர்கள் தங்கள் கரைகளைத் தாங்களே உடைத்து வயல்களில் தண்ணீரை விட்டார்கள். வெள்ளத்தில் படகு மிதந்து வர, முற்றுகையிட்டவர்கள் ஓடினார்கள். கைவிட்ட முகாமில் ஒரு அநாதைச் சிறுவன் சூடு ஆறாத குழம்புப் பானையைக் கண்டெடுத்தான் என்பது ஊர்க்கதை. அந்த அக்டோபர் 3-ஐ இன்றும் கொண்டாடுகிறார்கள்: ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் விநியோகம், வீட்டில் கேரட், வெங்காயம், உருளைக்கிழங்கு சேர்த்து மசித்த ஹுட்ஸ்பாட். அந்த நாளில் ஊர் முழுக்கத் திருவிழா நெரிசல். சின்னக் குழந்தையோடு போகிறவர்கள் தேதியைத் தள்ளி வையுங்கள்.

படி 4: சாப்பாடு

புதன் அல்லது சனிக்கிழமை வருமாறு திட்டமிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அன்றுதான் நியூவே ரைன் கரை நெடுகச் சந்தை. சூடாகச் சுட்டு நடுவில் பாகு தடவிய ஸ்ட்ரோப்வாஃபல், மாவில் தோய்த்துப் பொரித்த மீன் துண்டுகள், காகிதக் கூம்பில் உருளைக்கிழங்கு வறுவல். பச்சை ஹெர்ரிங்கைப் பிள்ளைகள் தொடக்கூட மாட்டார்கள், நீங்கள் சாப்பிடுங்கள். பாலாடைக்கட்டிக் கடையில் லைடன் சீஸ் என்று கேளுங்கள், சீரகம் போட்டது. என் மகள் முகர்ந்து பார்த்துவிட்டு "ரசம் வாசனை" என்றாள். அதற்குப்பின் மூன்று நாள் அதுதான் அவளுக்கு டிபன்.

மதியத்தில் அங்கே சூடான சாப்பாட்டுக்கு அலையாதீர்கள், அவர்களே ரொட்டியும் சீஸும்தான் சாப்பிடுகிறார்கள். இரவு ஆறு மணிக்கே உட்கார்ந்துவிட வேண்டும். தட்டை நிறைக்கும் பான்கேக் கடைகள் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான தேர்வு. சோறு, காரம் என்று நாக்கு ஏங்கினால் சுரினாம் உணவகத்தைத் தேடுங்கள். 1873-லிருந்து வட இந்தியாவிலிருந்து சுரினாமுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களின் சந்ததி நெதர்லாந்துக்குக் கொண்டுவந்த ரொட்டியும் உருளைக்கிழங்குக் குழம்பும் அங்கே கிடைக்கும். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். கழிவறைக்குத்தான் பல இடங்களில் காசு, சில்லறை வையுங்கள்.

படி 5: மதியத்தில் படகு

கால் வலி தொடங்கும் நேரத்துக்குப் படகை வைத்துக்கொள்ளுங்கள். பேஸ்டன்மார்க்ட் பக்கத்திலிருந்து கிளம்புகிறது, ஏறத்தாழ ஒரு மணி நேரம். வழிகாட்டி சொல்வதில் பாதி காதில் விழாது, பரவாயில்லை. பாலங்கள் தாழ்வானவை, ஒவ்வொரு பாலத்துக்கும் எல்லோரும் குனிய வேண்டும். சின்னவனுக்கு ஊரிலேயே பிடித்தது அதுதான்.

படி 6: இரண்டாம் நாள் ஒரே ஒரு அருங்காட்சியகம்

லைடனில் நல்ல அருங்காட்சியகங்கள் அரை டஜன் இருக்கும். தொல்பொருள் அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் எகிப்து பரிசாகக் கொடுத்த தாஃபே கோயில் முழுசாக நிற்கிறது. அஸ்வான் அணையில் மூழ்கவிருந்ததைக் கல் கல்லாகப் பெயர்த்து வந்து எழுப்பியது. பூர்ஹாவே என்ற அறிவியல் அருங்காட்சியகத்தில், நுண்ணுயிர்களை முதலில் கண்ட லேயுவன்ஹூக்கின் நுண்ணோக்கி. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளைகளோடு ஒரு நாளுக்கு ஒன்று போதும், அந்த ஒன்று இயற்கை வரலாற்று அருங்காட்சியகமான நாச்சுராலிஸாக இருக்கட்டும்.

அங்கே டிரிக்ஸ் இருக்கிறாள். 2013-ல் அமெரிக்காவின் மான்டானாவில் தோண்டி எடுத்த டைரனோசரஸ் ரெக்ஸ். முன்னாள் ராணி பியாட்ரிக்ஸின் பெயரைச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். நீளம் 12 மீட்டருக்கு மேல், பெரும்பகுதி அசல் எலும்புகள். டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுங்கள், திறந்தவுடன் நேராக டைனோசர் கூடத்துக்குப் போங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம். பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. நாச்சுராலிஸ் அன்றும் திறந்திருக்கும்.

படி 7: ராப்பன்பர்க் கால்வாய்க் கரையில் ஒரு மெதுநடை

கடைசி மாலைக்கு இதை வையுங்கள். ஊர்ச் சுவர்களில் பல மொழிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட கவிதைகள் எழுதியிருக்கிறார்கள். புது எழுத்து வடிவத்தை முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஒரு பாயிண்ட் என்று விளையாடினால் இரண்டு கிலோமீட்டர் நடந்தது தெரியாது. 1575-ல் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடமும், 1590-ல் அமைத்த தாவரவியல் தோட்டமும் இந்தக் கரையில்தான்.

லெய்டன் செப்பேடு என்று பள்ளியில் படித்தோமே, அந்தப் பெயர் இந்த ஊரால் வந்ததுதான். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்ததைச் சொல்லும் 21 ஏடுகள், ராஜேந்திரனின் முத்திரை வளையம். டச்சுக்காரர்கள் எடுத்து வந்து, நீண்ட காலம் இந்தப் பல்கலைக்கழகத்திடம் இருந்தவை. "நம்மதுன்னா ஏன் இங்க வந்துச்சு?" என்று மகள் கேட்டாள். ஒரு பாலத்தின்மேல் உட்கார்ந்து நாகப்பட்டினம், கப்பல், கம்பெனி என்று முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று.

படி 8: கிளம்பும்போது

சீரகச் சீஸை வெட்டாமல் முழு வட்டமாக, மெழுகோடு வாங்கிப் பெட்டியின் நடுவில் துணி சுற்றி வையுங்கள். அப்புறம் நிலைய வாசலில் ஒரு நிமிடம் நின்று, போனா அட்டையா என்று முடிவு செய்துகொண்டு காட்டுங்கள். ஸ்கிப்போலில் வெளியே வரும்போதும் அதையே.