நேத்து நல்லாத்தானுங்க ஓடுச்சு: படகு எஞ்சின் பராமரிப்பு

சேலத்தில் என் பட்டறைக்குப் படகு எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் சொல்வது இதைத்தான்: "நேத்து நல்லாத்தானுங்க ஓடுச்சு, இன்னைக்கு இழுத்து இழுத்துப் பார்த்தும் ஸ்டார்ட் ஆகலைங்க." கழற்றிப் பார்த்தால், அந்தக் கோளாறு மாதக் கணக்கில் உள்ளே வளர்ந்திருக்கும்.

பண்ணவாடி, பூலாம்பட்டி, ஏற்காடு என்று இந்தப் பக்கத்துப் படகுகளில் எனக்கு வரும் வேலை பெரும்பாலும் படகின் பின்னால் வெளியே மாட்டுகிற பெட்ரோல் எஞ்சின், அதாவது அவுட்போர்டுதான். அதில் நான் பார்த்தவரை முக்கால்வாசிக் கோளாறுக்குக் காரணம் தண்ணீர். போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை, அல்லது போகக்கூடாத இடத்துக்குப் போய்விட்டது. அதனால் தண்ணீர் போகும் வழியில் கண் வைக்கப் பழகினாலே மெக்கானிக்கைத் தேடுகிற வேலை குறையும்.

முதலில் குளிர்விக்கும் தண்ணீர். எஞ்சின் ஓடும்போது பின்பக்கத்திலிருந்து மெல்லிய தாரையாகத் தண்ணீர் பீச்சும். ஸ்டார்ட் செய்தவுடன் திரும்பிப் பார்க்க வேண்டியது அதைத்தான். தாரை வரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். அந்த ஓட்டையில் மெல்லிய கம்பியை விட்டு நோண்டிப் பாருங்கள். குளவி கூடு கட்டியிருக்கும், சேறு அடைத்திருக்கும். அப்படியும் வராவிட்டால் கீழே தண்ணீர் இழுக்கும் வலையில் ஆகாயத்தாமரை வேரோ பிளாஸ்டிக் கவரோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் இம்பெல்லர்தான்.

இம்பெல்லர் என்பது தண்ணீரை மேலே தள்ளும், ரப்பர் இதழ்கள் கொண்ட சிறு சக்கரம். தண்ணீர்தான் அதற்கு எண்ணெய். தண்ணீர் இல்லாமல் "சும்மா சத்தம் கேட்டுப் பார்க்கலாம்" என்று கரையில் வைத்து முறுக்கினால் கொஞ்ச நேரத்திலேயே கருகிப்போகும். ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, இழுக்கும் வலை நன்றாக மூழ்கும்படி வைத்து ஓட்டுங்கள். வருடத்துக்கு ஒருமுறை இம்பெல்லரை மாற்றிவிடுவது நல்லது. மேட்டூர் அணையில் மட்டம் குறைந்து, பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிகிற காலத்தில் ஓட்டுகிறவர்கள் ஆறு மாதத்தில் ஒருமுறை திறந்தே பார்க்க வேண்டும். அப்போது தண்ணீர் பாதி சேறு. பூலாம்பட்டியிலும் அப்படித்தான்: காவிரியில் வெள்ளம் வடிந்து படகு விடத் தொடங்கும் முதல் வாரத்தில் மணல் உள்ளே போய் இதழைத் தேய்த்துவிடும். பழைய இம்பெல்லரில் இதழ் உடைந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுக்காமல் மூடாதீர்கள். அது மேலே போய்த் தண்ணீர் வழியில் உட்கார்ந்துகொள்ளும். புது இம்பெல்லர் போட்டும் எஞ்சின் சூடாகிறது என்று வருகிற கேஸ் எல்லாம் இதுதான்.

அடுத்து பெட்ரோலுக்குள் தண்ணீர். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஓரளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். எஞ்சின் முதலில் குடிப்பது அந்த அடித் தண்ணீரைத்தான். மாதம் ஒருமுறை டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் கோடு தெரிந்தால் அந்தப் பெட்ரோலை எஞ்சினுக்குக் கொடுக்காதீர்கள். பழைய ரப்பர் குழாய் உப்பியோ பிசுபிசுப்பாகவோ இருந்தால் மாற்றிவிடுங்கள். புது எஞ்சின் வாங்குகிற காசு இல்லை அது.

இரண்டு வாரத்துக்கு மேல் படகு நிற்கப் போகிறது என்றால், எஞ்சின் தண்ணீரில் இருக்கும்போதே பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டுத் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்பரேட்டரில் மிச்சம் நின்றால் காய்ந்து, பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் ஊசித் துளையில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். "நேத்து நல்லா ஓடுச்சு" கதை பாதிக்கு மேல் இங்கேதான் பிறக்கிறது. இன்னொன்று, பத்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிற எஞ்சின். பிளக், காயில் என்று செலவு செய்வதற்கு முன் டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறந்தீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், அதற்காக ஆட்டோ வைத்து எஞ்சினைத் தூக்கி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் கலவை பல மாடல்களுக்கு பெட்ரோல் 50 பங்குக்கு ஆயில் 1 பங்கு. பத்து லிட்டருக்கு 200 மில்லி. உங்கள் எஞ்சின் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. பைக்குக்கு ஊற்றும் டூடி ஆயிலை ஊற்றாதீர்கள். அது காற்றில் ஆறுகிற, சூடு அதிகமான எஞ்சினுக்குச் செய்தது. தண்ணீரில் ஆறும் எஞ்சினில் கரி படியவிடும். டப்பாவில் டி.சி.டபிள்யூ.3 (TC-W3) என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

மூன்றாவது, கீழே விசிறியைச் சுற்றவைக்கும் கியருக்குள் தண்ணீர். மீனவர்கள் விட்டுப்போகும் நைலான் நரம்பு, படகைத் தள்ளும் விசிறியின் தண்டில் சுற்றிக்கொண்டு, தண்ணீர் உள்ளே போகாமல் அடைக்கும் ஆயில் சீலை அறுத்துவிடும். வெளியே ஒன்றுமே தெரியாது. மாதம் ஒருமுறை விசிறியைக் கழற்றிப் பார்த்து, நரம்பு இருந்தால் எடுத்துவிட்டு, தண்டில் கிரீஸ் தடவிப் போடுங்கள். கியர் ஆயிலை 100 மணி நேரத்துக்கு ஒருமுறையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ மாற்றுங்கள். வடிகிற ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சீல் மாற்றாமல் ஓட்டக்கூடாது. புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாக, மேல்துளையில் வழியும்வரை ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று நின்றுவிடும். இரண்டு திருகுக்கும் புது வாஷர்.

ஏற்காட்டுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சேலம் ஏறக்குறைய 900 அடி, ஏற்காடு 5,000 அடிக்குப் பக்கம். மேலே காற்று மெலிவதால் கார்ப்பரேட்டர் எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் போகும். புகை கருப்பாக வரும், பிளக் கரியாகும், ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் என்று சக்தியும் குறையும். சேலத்தில் அழகாகச் செட் செய்து கொடுத்த எஞ்சின் மேலே போய் மூச்சுத் திணறுவது என் கைத்தவறு இல்லை! கொஞ்சம் சிறிய மெயின் ஜெட் போட வேண்டும். விசிறியும் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்ததாக இருந்தால் எஞ்சின் இழுக்க முடியாமல் தவிக்காது. இஞ்செக்‌ஷன் எஞ்சின் (கார்ப்பரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீச்சுவது) கலவையைத் தானே சரி செய்துகொள்ளும், ஆனால் சக்திக் குறைவு அதற்கும் உண்டுதான். 20 கொண்டை ஊசி வளைவிலும் பிக்கப் வண்டியில் கொண்டு போகும்போது எஞ்சினை நிமிர்த்திக் கட்டுங்கள். படுக்க வைத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் உள்ளே இருக்கும் தண்ணீரை வடித்துவிட்டு, தலைப்பகுதி கியர் பகுதியைவிட உயரமாக இருக்கும்படி, ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் கம்பெனி குறித்திருக்கும் பக்கமாக மட்டும் வையுங்கள்.

எஞ்சின் உலோகம் அரிக்காமல் தான் கரைந்துபோகும் துண்டுதான் ஆனோடு. துத்தநாக ஆனோடு நம் ஆற்றுத் தண்ணீரில் பெரிதாகப் பயன்படாது, மேலே ஏடு கட்டி வேலை செய்யாமல் போய்விடும், நன்னீருக்கு மெக்னீசியம்தான். டீசல் எஞ்சின் போட்ட படகு என்றால் டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரில் தினமும் வடித்துப் பாருங்கள். அதில் விசிறித் தண்டு வெளியேறும் இடத்தில், தண்டைச் சுற்றி அடைக்கும் கிளாண்ட் சொட்டுச் சொட்டாக ஒழுகுவது சரிதான். சொட்டே வராதபடி இறுக்கினால் தண்டு தேயும்.

எஞ்சினுக்குக் கிலோமீட்டர் கணக்கு இல்லை, மணி நேரக் கணக்குத்தான். ஒரு பாக்கெட் நோட்டில் தினமும் எத்தனை மணி ஓடியது, எப்போது ஆயில், எப்போது இம்பெல்லர் என்று எழுதி வையுங்கள். படகில் இருக்கைக்கு அடியில் ஒரு டப்பா: இரண்டு பிளக், பிளக் ஸ்பானர், விசிறியைப் பிடிக்கும் ஷியர் பின், காட்டர் பின், இழுக்கும் கயிறு, ஒரு பெட்ரோல் ஃபில்டர். துடுப்பு ஒன்றும் கட்டாயம்.