எடையை மறைக்காமல் துணை தேடுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் வளர்ந்த நம் பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் கோயில் திருவிழாவிலோ உறவினர் திருமணத்திலோ ஒருவரையொருவர் பார்த்துப் பழகியவர்கள். இன்று டிண்டர், பம்பிள் போன்ற துணை தேடும் செயலிகளில் பேச்சுக்கும் சிரிப்புக்கும் முன்பே உடல்தான் கண்ணில் படுகிறது. அதனால் பலர், பத்து கிலோ குறைந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். முதலில் கைவிட வேண்டியது அந்தத் தவணையைத்தான்.

கடந்த ஆறு மாதங்களுக்குள் எடுத்த படங்களை மட்டும் போடுங்கள். அவற்றுள் ஒன்று தலை முதல் கால் வரை தெரியும் படமாக இருக்கட்டும். நியூயார்க்கில் இணையவழியில் துணை தேடிய 80 பேரை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வில், வயது, உயரம், எடை ஆகிய மூன்றில் எடையைப் பற்றியே அதிகம் பேர் பொய் சொல்லியிருந்தனர். பழைய படத்தை நம்பி வந்தவர் முதல் சந்திப்பில் உங்கள் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டு, படத்தையும் உங்களையும் ஒப்பிடத் தொடங்கிவிடுவார்.

வரும் பதில்களின் எண்ணிக்கையை உங்கள் மதிப்பாகக் கொள்ளாதீர்கள். நம் மண்ணின் ஜூலு மக்களையும் பிரிட்டனில் வாழ்வோரையும் ஒப்பிட்டு 2006-இல் வெளியான ஆய்வு ஒன்றில், இங்குள்ள ஜூலு மக்கள் பருமனான உடலைக் கூடுதலாக விரும்பியதும், பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்த ஜூலு மக்களின் விருப்பம் அந்நாட்டாரின் ரசனையை நோக்கி நகர்ந்திருந்ததும் தெரியவந்தன. வாழும் இடம் மாறினால் அழகின் அளவுகோலும் மாறுகிறது என்னும்போது, ஓர் அந்நியர் உங்கள் படத்தை ஒதுக்கியதை இறுதித் தீர்ப்பாக எண்ணுவதற்கு இடமே இல்லை.

உடல் தகுதி வேறு விஷயம். அதில் நான் எவருக்கும் சலுகை தரமாட்டேன். தெற்காசிய வழிவந்த நமக்கு ஒப்பீட்டளவில் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருகிறது. உடல் நிறை குறியீட்டெண் (கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் BMI எண்) 23-ஐத் தாண்டினாலே ஆசிய மக்களுக்கு ஆபத்து கூடுகிறது என்றும், 27.5-ஐத் தாண்டினால் அது மிகுதி என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு வரையறுத்துள்ளது. ஆகவே எடை இயந்திரத்தோடு நிற்காமல் நாடாவால் இடுப்பையும் அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கை எல்லைகள். வாரத்திற்கு 150 நிமிட வேகநடையும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும் போதுமான தொடக்கம். எடை குறையத் தாமதமானாலும், மூச்சு வாங்காமல் படியேறுவதும் நிமிர்ந்து நிற்பதும் அதற்கு முன்பே வந்துவிடும். நேரில் சந்திப்பவர் கவனிப்பதும் இவற்றைத்தான். புரட்டாசியில் இறைச்சியை விடும் வழக்கம் இங்கே உறுதியாக இருக்கிறது, ஆனால் அந்த இடத்தை வறுத்த உருளைக்கிழங்கும் வடையும் நிரப்பினால் இடுப்பளவு குறையாது. பருப்பும் கீரையும் நிரப்பட்டும்.

முதல் சந்திப்பை உணவகத்தில் வைக்காமல், பகல் வெளிச்சத்தில், ஆள் நடமாட்டமுள்ள டர்பன் கடற்கரை நடைபாதையில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது கூச்சம் குறைந்து பேச்சு தானாக வரும்; பிறகு பசித்தால், குடைந்த ரொட்டிக்குள் கறி நிரப்பித் தரும் 'பனி சாவ்' (bunny chow) கால் பங்கு ஒன்றை வாங்கி இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். சனிக்கிழமை காலையில் கட்டணமின்றி நடக்கும் 'பார்க்ரன்' (parkrun) என்னும் ஐந்து கிலோமீட்டர் பொது ஓட்டமும் நல்ல இடமே. அங்கே ஓடுவோரும் உண்டு, நடப்போரும் உண்டு, வியர்த்த முகத்தோடுதான் எல்லோரும் நிற்பார்கள்.

பழகத் தொடங்கிய பின் ஒருவர் உங்கள் உடலைக் கேலி செய்தால், அது வலிக்கிறது என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். மறுமுறையும் தொடர்ந்தால் விலகிவிடுங்கள். வீட்டில் அத்தையோ பெரியம்மாவோ, "என்னம்மா, இப்படி ஊதிட்டே?" என்று கேட்பது அன்பினால் என்றாலும், முதன்முறை வீட்டுக்கு வருபவரிடம் அப்படிக் கேட்க வேண்டாம் என்று முன்கூட்டியே அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எடையை எண்ணி நீங்களே சாப்பாட்டைத் தவிர்ப்பதும் உண்டதை வாந்தியெடுப்பதும் தொடங்கிவிட்டால், துணை தேடுவதைச் சற்று நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.