வானில் நகரும் ஒளி செயற்கைக்கோளா என்று அறிவது எப்படி?

சூரியன் மறைந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து, தெருவிளக்கின் வெளிச்சம் படாத மொட்டைமாடியில் நின்று பாருங்கள். தரையில் இருள் சூழ்ந்துவிட்டாலும், சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் மீது வெயில் படுவதால், அது கண்சிமிட்டாத வெண்புள்ளியாக மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் சில நிமிடங்களில் வானைக் கடக்கும். விட்டுவிட்டு மின்னினால் அது பெரும்பாலும் விமானம். புள்ளி நடுவானிலேயே மங்கி மறைந்தால், பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

அந்த உயரத்திலும் புவியீர்ப்பு தரையில் உள்ளதில் ஏறக்குறைய 90 விழுக்காடு இருக்கிறது. ஆகவே நிலையம் ஓயாமல் விழுந்துகொண்டேதான் இருக்கிறது; ஆனால் நொடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடுவதால், அது விழும் அளவுக்கே பூமியின் பரப்பும் வளைந்து விலகிவிடுகிறது. அங்கும் மிச்சமிருக்கும் மெல்லிய காற்று உரசி உரசிச் சுற்றுப்பாதையைத் தாழ்த்துவதால், அவ்வப்போது எந்திரத்தை இயக்கி நிலையத்தை மேலே உயர்த்துகிறார்கள்.

இந்த உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளை இப்படி யாரும் உயர்த்தாவிட்டால், அது இறுதியில் விழும். அதை எரிகல்லிலிருந்து பிரித்தறிய, மனத்துக்குள் எண்ணினாலே போதும். எரிகல் பெரும்பாலும் ஓரிரு நொடிகளில் கோடு கிழித்து மறையும்; செயற்கைக்கோளோ ஏறத்தாழக் கிடைமட்டமாக, பல துண்டுகளாக உடைந்து, அரை நிமிடத்துக்கும் மேல் எரிந்துகொண்டே செல்லும். டைட்டானியத் தொட்டி போன்றவை தரைவரை வந்துவிடுவதுண்டு. 1979 ஜூலை 11 அன்று ஸ்கைலாப் என்னும் அமெரிக்க விண்வெளி நிலையம் மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பரன்ஸ் பகுதியில் சிதறியபோது, குப்பை கொட்டியதாக உள்ளூர் நிர்வாகம் நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது! அப்படியொரு துண்டைக் கண்டால் தொடாதீர்கள்; ஹைட்ரசீன் என்னும் நச்சு எரிபொருள் அதில் எஞ்சியிருக்கலாம் என்பதால், விலகி நின்று காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.