தேனீக்கு ஒரு வாசனையைப் பழக்குவது எப்படி?

பசித்த தேனீயின் உணர்கொம்பில் சர்க்கரைத் தண்ணீர் பட்டால் போதும், மடித்து வைத்திருக்கும் நாக்கை உடனே நீட்டிவிடும். இந்த அனிச்சைச் செயலோடு வாசனையை இணைக்க முடியும் என்று ஜப்பானில் டகேடா 1961-இல் காட்டினார். தேனீ மூளையைப் படிக்க வரும் மாணவர்களை நான் முதலில் உட்காரவைப்பது இந்த வேலையில்தான்.

கூட்டிலிருந்து வெளியே கிளம்பும் தேனீக்களைச் சிறு கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். திரும்பி வருபவை வேண்டாம், அவற்றின் வயிறு நிறைந்திருக்கும். குப்பியை ஐஸில் வைத்து, காலசைவு நின்றதும் எடுத்துவிடுங்கள். அரட்டையில் மறந்தால் செத்த தேனீதான் மிஞ்சும். நறுக்கிய ஸ்ட்ராவுக்குள் அதை நிறுத்தி, கழுத்துக்குப் பின்னால் மெல்லிய ஒட்டுநாடாவை ஒட்டுங்கள். தலையும் உணர்கொம்புகளும் நாக்கும் தாராளமாக அசைய வேண்டும். முன்னங்கால் வெளியே வந்துவிட்டால் உணர்கொம்பைத் துடைத்துக்கொண்டே இருக்கும். அப்படியானால் அவிழ்த்து மறுபடி கட்டுவதுதான் வழி.

ஒரு துளி சர்க்கரைத் தண்ணீர் ஊட்டி, ஓரிரு மணி நேரம் இருட்டில் விடுங்கள். பிறகு உணர்கொம்பைச் சர்க்கரைத் தண்ணீரால் தொட்டுப் பாருங்கள். நாக்கு நீட்டாதவற்றை ஒதுக்கிவிடலாம்.

கிராம்பு எண்ணெய் தோய்த்த வடிதாள் துண்டை ஊசியில்லாத சிரிஞ்சுக்குள் போடுங்கள். தேனீக்குப் பின்னால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும், இல்லையென்றால் வாசனை அறையிலேயே தங்கிவிடும். சென்ட் அடித்தவர்களையும் மல்லிகை சூடியவர்களையும் அன்று நான் மேசைப் பக்கம் விடுவதில்லை. சிரிஞ்சை நான்கு விநாடி சீராக அழுத்துங்கள். மூன்றாவது விநாடி முடிந்ததும் உணர்கொம்பில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு, நீளும் நாக்குக்கு அதைக் கொடுங்கள். அடுத்த முறை பத்து நிமிடம் கழித்து.

இந்த வரிசை மட்டும் மாறக் கூடாது. 1993-இல் பெர்லினில் மார்ட்டின் ஹாமர் சர்க்கரையே கொடுக்காமல், அதன் செய்தியைச் சுமக்கும் ஒற்றை நரம்பணுவை மின்சாரத்தால் தூண்டினார். வாசனைக்குப் பிறகு தூண்டியபோது தேனீ கற்றுக்கொண்டது. வாசனைக்கு முன்பு தூண்டியபோது கற்கவில்லை.

பல தேனீக்கள் ஓரிரு முறையிலேயே வெறும் வாசனைக்கு நாக்கை நீட்டும். உடனே கைதட்டாதீர்கள். எலுமிச்சை வாசனையைச் சர்க்கரையில்லாமல் இடையிடையே காட்டுங்கள். அதற்கும் நீட்டினால் அது கிராம்பைப் பிரித்தறியவில்லை. முதல் கிராம்புக்கே, சர்க்கரை படும் முன் நீட்டியதையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முடிந்ததும் வயிறாரக் குடிக்கவிட்டு, முதுகில் ஒரு பெயின்ட் பொட்டு வைத்துக் கூட்டருகே விடுங்கள். பொட்டில்லாவிட்டால் நாளைக்கு அதையே புதுத் தேனீ என்று பிடித்துக்கொண்டு வருவீர்கள்.